மரையைப் பாருங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம்

பரணில் கிடைத்தது, காயலான் கடையில் வாங்கியது, தாத்தா விட்டுப்போனது என்று படங்களோடு வந்த கேள்விகளில் சில இங்கே. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சேராத பாகங்களைக் கொண்ட கருவிகள்தான்.

தாத்தா டாக்டர். அவருடைய மைக்ரோஸ்கோப்பின் குழாயில் 'எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார்' என்று இருக்கிறது. கீழே ஒரு லென்ஸில் 'கார்ல் சைஸ் யேனா, 160/0.17' என்று இருக்கிறது. இன்னொன்றில் பெயரே இல்லை. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் மேல் பாகம்) காகிதம் சுற்றிச் செருகியிருக்கிறார்கள். இது எந்தக் கம்பெனி? (காரைக்குடி)

குறைந்தது இரண்டு கம்பெனி, அநேகமாக மூன்று. ஆனால் தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1858-ல் லண்டன் மைக்ரோஸ்கோப் சங்கம் ஆப்ஜெக்டிவ் லென்ஸின், அதாவது பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் லென்ஸின், மரைக்கு ஒரு பொது அளவை வகுத்தது. விட்டம் 0.8 அங்குலம், அங்குலத்துக்கு 36 மரை. நாளடைவில் மற்ற நாட்டுத் தயாரிப்பாளர்களும் அதற்கே வந்துசேர்ந்தார்கள். அதனால் ஒருவர் செய்த லென்ஸ் இன்னொருவர் செய்த உடம்பில் சுலபமாக ஏறும். லேபில் ஒரு லென்ஸ் கீறல் விழுந்தால், அலமாரியில் இருக்கும் வேறொன்றைத் திருகிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இப்படிச் சேர்ந்தவைதான் அதிகம்.

முதலில் உடம்பு. குதிரை லாட வடிவ அடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லாரும் பல பத்தாண்டுகள் அதையே செய்தார்கள். குழாயை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பல்சட்டமும் பற்சக்கரமும் ஆட்டமில்லாமல் ஓடினால் குழாயும் தண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், லைட்ஸ் என்ற பெயரை நம்பலாம். குழாயிலுள்ள வரிசை எண் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து அந்த சைஸ் லென்ஸ். 160 என்பது அது எதிர்பார்க்கும் குழாய் நீளம், மில்லிமீட்டரில். 0.17 என்பது கவர்ஸ்லிப்பின், அதாவது ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியின், தடிமன், அதுவும் மில்லிமீட்டரில். லைட்ஸோ நெடுங்காலம் 170 மி.மீ. குழாய்க்குத்தான் லென்ஸ் செய்தது. 10 மடங்கு லென்ஸில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 40-க்குப் போனால் படம் லேசாக மங்கும். உங்கள் குழாய் இழுத்து நீட்டும் வகை, மேலே கோடுகளும் தெரிகின்றன. 160-ல் நிறுத்திப் பாருங்கள், நன்றாகவே தெரியும்.

படத்தில் அதே லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் ஊதா மினுக்கம் தெரிகிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு அது. அதற்கு சைஸ் காப்புரிமை எடுத்தது 1935-ல், எனவே லென்ஸ் அதற்குப் பிந்தியது. ஐபீஸுக்குப் பொது அளவு 23.2 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் குழாயின் உள்விட்டத்தையும் ஐபீஸின் வெளிவிட்டத்தையும் அளந்தால் எது வெளியாள் என்று தெரிந்துவிடும். பெயர் இல்லாத லென்ஸைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள்.

பித்தளை டெலஸ்கோப், 'டிரௌட்டன் அண்ட் சிம்ஸ், லண்டன்' என்று பொறித்திருக்கிறது. லாம்டன் சர்வேயில் பயன்படுத்தியது என்று சொல்லி விற்றார்கள். பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. (சென்னை)

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். 1802-ல் பரங்கிமலையருகே அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான கோடு) அளந்து வேலையைத் தொடங்கினார், 1823-ல் இறந்தார். டிரௌட்டனும் சிம்ஸும் கூட்டுச் சேர்ந்தது 1826-ல். கணக்கு உதைக்கிறது. 1922-ல் குக் நிறுவனத்தோடு இணையும்வரை அந்தப் பெயர் இருந்தது, ஆக உங்களுடையது இடைப்பட்ட காலத்தது.

ஆனால் சர்வே என்று சொன்னது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். படத்தை நிமிர்த்தக் கூடுதல் லென்ஸ்கள் வேண்டும், அதில் கொஞ்சம் ஒளி வீணாகும். பழைய தியோடலைட்காரர்கள் (தியோடலைட் என்பது சர்வேயில் கோணம் அளக்கும் டெலஸ்கோப் கருவி) தலைகீழ்ப் படத்தோடேயே வேலை செய்தார்கள், கண் பழகிவிடும். குழாயின் நடுவில் இருபக்கமும் அச்சு முளையோ, அதை அறுத்து அடைத்த தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது தியோடலைட்டிலிருந்து கழற்றியது. இல்லையென்றால், நிமிர்த்தும் லென்ஸ்களைத் தொலைத்துவிட்ட சாதாரண டெலஸ்கோப்பாகவும் இருக்கலாம்.

இன்னொரு சோதனை. உள்ளே கிராஸ்ஹேர் (குறி பார்க்கக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் மெல்லிய கம்பி) இருந்து, அதுவும் தூரத்துக் கட்டடமும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியவில்லை என்றால் ஐபீஸ் மாறியிருக்க வாய்ப்புண்டு. சர்வே டெலஸ்கோப்புக்கு ராம்ஸ்டன் வகை ஐபீஸ் வேண்டும், அதன் குவியம் லென்ஸ்களுக்கு வெளியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வரும் ஹைகன்ஸ் வகைக்குக் குவியம் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவில் இருப்பதால் வெளியே உள்ள கம்பி சரியாகப் பிடிபடாது. கிராஸ்ஹேரை விரலால் தொடவோ ஊதவோ வேண்டாம். பழையவற்றில் அது சிலந்தி நூல்.

'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்த செக்ஸ்டண்ட் (கப்பலில் சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி). அசலா? (தூத்துக்குடி)

அலங்காரப் பொருள். கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் ஒன்றானதே 1940-களில். 1917-ல் அந்தப் பெயரைப் பொறிக்க ஆள் இல்லை. ஷோகேஸில் வைக்க அழகாக இருக்கும், மறுவிற்பனை விலையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்க்கலாமா? (பலர்)

வேண்டாம். பழைய பித்தளைக் கருவிகளின் மேல் அரக்கு வார்னிஷ் இருக்கும், தேய்த்தால் அது போய்விடும். வார்னிஷ் நிறம் பாகத்துக்குப் பாகம் மாறுவதுதான் எது பிற்பாடு சேர்ந்தது என்று காட்டும் முதல் தடயம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டு, அப்புறம் அடையாளம் கேட்டு எழுதுகிறார்கள்!

பைனாகுலர் மாதிரி ஒரு ராணுவக் கருவி. உடலில் 'பி.எல்.சி' என்றும் ஐபீஸ் பகுதியில் 'பி.இ.எச்' என்றும் சின்ன எழுத்துகள். எண்களின் மேல் பழுப்பேறிய பூச்சு. கழற்றிச் சுத்தம் செய்யலாமா? (கோவை)

இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் ரகசியக் குறியீடுகள். முதலாவது யேனாவின் சைஸ், இரண்டாவது வெட்ஸ்லாரின் லைட்ஸ். அப்படியானால் ஏதோ ஒரு ரிப்பேரில் இரண்டு கருவிகள் ஒன்றாகியிருக்கின்றன.

பூச்சைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து ராணுவக் கருவிகளில் இருட்டில் ஒளிர, கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த பூச்சு போடுவது உண்டு. இப்போது ஒளிரவில்லை என்பதால் பயமில்லை என்று ஆகாது. ஒளிரும் துத்தநாக சல்பைடுதான் செயலிழந்திருக்கும், ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். சுரண்டினால் தூள் மூச்சில் போகும், ஆபத்து அதில்தான். கழற்றாமல் மூடிய பையில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கைகர் கவுண்டரால் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) சோதித்த பிறகு மற்றதைப் பேசலாம்.