40 சென்ட் நிலத்தை விற்றுத்தான் சட்டம் படிக்க வேண்டுமா?

மகளை எங்கே சேர்க்கலாம் என்று ஆலோசனை கேட்டு, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்குக் கடையும் வீடும் சேர்ந்த வேலை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்து 600-க்கு 541 வாங்கியிருக்கிறாள். வக்கீலாக வேண்டும் என்பது அவள் ஆசை, அதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை.

"சார், கிளாட் எழுதி நேஷனல் லா யுனிவர்சிட்டில சேந்தாத்தான் மதிப்புன்னு எங்க அண்ணன் சொல்றாரு. இந்த வருஷம் பாப்பா எங்கயும் சேர வேண்டாம், பெங்களூருல தங்கி ஒரு வருஷம் கோச்சிங் போகட்டும்ங்கிறாரு. ஹாஸ்டலோட ரெண்டு லட்சம் ஆகுமாம். ஊருக்கு மேக்க 40 சென்ட் கிடக்கு. அதைக் கொடுத்துரலாமான்னு பாக்கிறோம்" என்றார் அப்பா.

அதுவரை நானும் வழக்கம்போல "பதறாதீங்க, நேரம் இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலம் என்றதும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். ஏன் வேண்டாம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

தேசிய சட்டப் பல்கலைகளில் சேருவதற்கான நுழைவுத் தேர்வுதான் கிளாட். அது என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள். 2 மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. கணக்கு பத்தாம் வகுப்பு அளவைத் தாண்டாது. சட்டம் முன்பே படித்திருக்க வேண்டும் என்றும் இல்லை, விதியை அவர்களே கொடுத்துவிடுவார்கள். உண்மையில் சோதிக்கப்படுவது வாசிப்பு வேகம். சுமார் 450 வார்த்தை ஆங்கிலப் பத்தி ஒன்று, அதன் கீழே நாலைந்து கேள்விகள், அப்புறம் அடுத்த பத்தி. தாள் முழுக்க இப்படித்தான். சிறு வயதிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்த பிள்ளைக்கு இது பழகிய விஷயம். தமிழ் வழியில் படித்தவளுக்குப் புத்தி குறைவில்லை, வேகம்தான் வேறு. அந்த வேகம் தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்தால் வரும். பழைய வினாத்தாள்களைத் தேர்வை நடத்தும் கூட்டமைப்பே தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. இரண்டு லட்சம் கொடுத்தால் இதைவிடச் சீக்கிரம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைகளில் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல்தான், 3 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. படிப்பு 5 ஆண்டு. மொத்தம் 15 லட்சம் என்று வைத்தால் அது அதிகப்படியான கணக்கு அல்ல. 10 சதவீத வட்டியில், 10 ஆண்டில் அடைக்கிற மாதிரி 15 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை 19,800 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி அப்பா பக்கம் நகர்த்தினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணம் கட்ட முடியுமா, முடியாதா என்பதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாதம் 19,800 ரூபாய் தவணை இருக்கிற பிள்ளை, படிப்பு முடிந்ததும் கோர்ட்டுக்குப் போக முடியாது. மும்பையிலோ டெல்லியிலோ கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை தேடியே ஆக வேண்டும். அந்த வேலையை விரும்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நானே கிளாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அது பிடிக்குமா? அவளைக் கேட்டேன். "உனக்கு ஏன்மா வக்கீல் ஆகணும்னு தோணுச்சு?"

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஊருக்கு மேற்கே இருக்கிற அதே 40 சென்டுக்கு ஒரு வழக்கு நடந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் வண்டிப்பாதையை அடைத்து வேலி போட்டுவிட்டார். தாத்தா முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக ஏழு வருடம் அலைந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், பத்தாம் வகுப்பு விடுமுறையில் பேத்தி துணைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் இருந்த பத்திரங்களை ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிந்தைய கிரயப் பத்திரத்தில் நான்கு எல்கை மட்டும்தான் இருந்தது. 1974-ம் ஆண்டு மூலப் பத்திரத்தில், சொத்து விவரத்தின் கடைசி வரியில், "வண்டிப்பாதை பாத்தியம் உள்பட" என்று மூன்று சொல் இருந்திருக்கிறது. பாத்தியம் என்றால் உரிமை. அதை நோட்டில் எழுதி, பக்க எண்ணும் போட்டு, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தது இவள்தான். மூலப் பத்திரம் கோர்ட்டுக்கு வந்த பிறகு எதிர்த்தரப்பு இறங்கி வந்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. நோட்டின் அடுத்த பக்கங்களில் பிராது, வக்காலத்து, வில்லங்கச் சான்று, புலப்பட நகல் என்று அவள் காதில் விழுந்த சொல்லெல்லாம், அர்த்தத்தோடு.

அவளை எங்கே சேர்க்க வேண்டும் என்று இதற்குமேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த நிலத்தைத்தான் விற்கப் பார்க்கிறார்கள் என்பதை நினைத்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

நான் சொன்ன வழி, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. பிளஸ் டூ முடித்தவர்களுக்கான 5 ஆண்டு பி.ஏ., எல்எல்.பி. இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை போட்டு, கலந்தாய்வில் இடம் தருகிறது. தேர்வு முடிவு வந்த கையோடு பல்கலையின் இணையதளத்தில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கடைசித் தேதியைத் தவறவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு இங்கே உண்டு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2021-ல் சட்டப் படிப்புக்கும் நீட்டித்தார்கள். எம்.பி.பி.எஸ்.-க்கு அது இருப்பது ஊருக்கே தெரியும், சட்டத்துக்கும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. இந்தக் குடும்பத்துக்கும் தெரியவில்லை.

கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும், 5 ஆண்டில் 60 ஆயிரம். நிலம் அப்படியே இருக்கும்.

நெல்லைதான் என்றில்லை. மதுரை, திருச்சி, கோவை, செங்கல்பட்டு, வேலூர், சேலம், தேனி, ராமநாதபுரம், காரைக்குடி என்று மாநிலம் முழுக்க அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை முதல் விருப்பமாகப் போடச் சொல்வேன். காரணம், சட்டம் படிக்கிற பிள்ளைக்குச் சொந்த மாவட்ட கோர்ட்டும் ஒரு வகுப்பறைதான். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி 5 ஆண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரமாவது நேரடிப் பயிற்சி எடுக்க வேண்டும். தாத்தாவின் வழக்கை நடத்திய அந்த வக்கீலிடமே முதல் விடுமுறையில் போய் உட்காரலாம். சாட்சி விசாரணை எப்படி நடக்கிறது, குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியவை. அதோடு, இந்தியத் தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கொலைக்கு 302-ம் பிரிவு இப்போது 103, மோசடிக்கு 420-ம் பிரிவு இப்போது 318. முப்பது வருட சீனியர்களும் பழைய எண்ணை மறந்து புதிதாகப் படிக்கிறார்கள். இன்று சேருகிற பிள்ளை தொடக்கத்திலிருந்தே புதிய எண்ணோடு வளர்கிறது.

அரசு சட்டக் கல்லூரியின் குறையையும் அவர்களிடம் மறைக்கவில்லை. வகுப்பு பெரிது. நூறு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளையைத் தனியாகக் கவனிக்க ஆள் இருக்காது. ஆங்கிலத்தை யாரும் பிடித்துவைத்துச் சொல்லித்தரப்போவதில்லை, அது அவள் பொறுப்பு. இந்தியா கோட் இணையதளத்தில் எல்லா மத்தியச் சட்டமும் இலவசம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் கிடைக்கின்றன. ஆங்கிலத் தீர்ப்பையும் அதன் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாரத்துக்கு ஒன்று படித்தால் மூன்றே வருடத்தில் ஆங்கிலம் கைக்கு வந்துவிடும். இதை அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன். வகுப்புக்குப் போய்வந்தால் மட்டும் போதும் என்று நினைத்தால் இந்த வழி பலன் தராது.

தமிழ் வழியில் படித்தது அவளுக்குத் தடை என்று பெரியப்பா நினைக்கிறார். மாவட்ட கோர்ட்டில் அது பலம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது, பத்திரங்கள் தமிழில் இருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும். "பாத்தியம்" என்ற சொல் பத்திரத்தில் என்ன பொருளில் வருகிறது என்று பதினைந்து வயதில் தெரிந்துகொண்டவளுக்கு அந்தத் தாளைக் கண்டு பயமிருக்காது. நீதிபதித் தேர்வு எழுத 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. ஆக, எங்கே படித்தாலும் அந்த மூன்று வருடம் கோர்ட்டில் நிற்கத்தான் வேண்டும். கடன் இல்லாதவளால் நிற்க முடியும்.

அந்த மூன்று வருடம் கஷ்டமானது, அதையும் அம்மாவிடம் சொன்னேன். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் முன்பெல்லாம் பல மாநிலங்களில் பல ஆயிரம் ரூபாய். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அப்புறம், தொடர்ந்து வக்கீல் தொழில் செய்யத் தேறியாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வு. ஜூனியர்களுக்கு மாதம் 15 ஆயிரமாவது, சென்னை, மதுரை, கோவையில் 20 ஆயிரமாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. எல்லா சீனியரும் அதைத் தருகிறார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல் இரண்டு வருடம் வீட்டுச் சாப்பாட்டில்தான் ஓடும். கோச்சிங்குக்கு ஒதுக்க நினைத்த பணம் ஏதும் கையில் இருந்தால், அதை அந்த இரண்டு வருடத்துக்கு வைத்திருங்கள் என்றேன்.

"பொம்பளப் பிள்ளைய லா காலேஜுக்கா அனுப்பப்போறீங்கன்னு கேப்பாங்களே சார்" என்றார் அம்மா, தயங்கித் தயங்கி. கேட்பவர்களைத் திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு காலை நேரம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். கறுப்புக் கோட்டில் எத்தனை பெண்கள் கட்டுக் கட்டாக வழக்குக் கோப்புகளோடு படியேறுகிறார்கள் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

கிளாட் மீது அவளுக்கே ஆசை இருந்தால்? அதற்கும் வழி உண்டு, ஒரு வருடத்தைச் சும்மா விட வேண்டியதில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, டிசம்பரில் வருகிற கிளாட்டை அங்கிருந்தே எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 3,500. எழுதினால் திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலையை விருப்பத்தில் மேலே போடுங்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் அங்கே உண்டு. வேறு மாநிலத்தில் எங்கேயோ கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பல்கலைக்குப் பெயரை மட்டும் பார்த்து லட்சக்கணக்கில் கட்டிச் சேர்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் சொன்ன பிறகு அவளைப் பார்த்து, "உனக்கு எது?" என்றேன். அப்பா முகத்தைப் பார்த்தாள். "அப்பாவப் பாக்காத, நீ சொல்லு." நெல்லை என்றாள், சத்தமாகவே.

பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று இவற்றோடு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். பெரியப்பாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.