புகைபோக்கியை எங்கே கொண்டுபோவது?

கேள்வி: 2016 ஜனவரியில் கொழும்புக்கு வந்த இந்தியாவின் விக்கிரமாதித்யா, முன்பு ரஷ்யாவின் ஏவுகணைக் கப்பலாக இருந்தது என்கிறான் நண்பன். பழைய போர்க்கப்பலின் மேலே நீளமாக ஒரு தளத்தைப் போட்டால் விமானந்தாங்கி ஆகிவிடுமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: நண்பர் சொன்னது முக்கால்வாசி சரி. 1987இல் சோவியத் கடற்படையில் 'பாகூ' என்ற பெயரோடு சேர்ந்த கப்பல் அது, பிறகு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' ஆனது. முன்பக்கம் முழுக்க ஏவுகணைக் குழாய்கள், பின்பக்கம் செங்குத்தாக எழும்பி இறங்கும் யாக்-38 விமானங்கள் என்று இரண்டு தொழிலையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, தளத்துக்கு வருவோம். உங்கள் வெள்ளவத்தையிலேயே பழைய வீட்டுக்கு மேல் மாடி எழுப்பியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பிளேட் போடுவதில் தகராறு வராது, அத்திவாரம் தாங்குமா, படியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் பாஸோடு சண்டை வரும். கப்பலில் அந்தப் படி, புகைபோக்கி. கொதிகலன்கள் கப்பலின் நடுவயிற்றில் இருக்கின்றன, அவற்றின் புகை நேரே மேலே வந்தால் விமானம் ஓட வேண்டிய இடத்தில்தான் வந்து நிற்கும்.

இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துப் படித்தவர்கள் பிரிட்டிஷ்காரர். 'பியூரியஸ்' என்ற போர்க்கப்பலை 1917இல் கட்டி முடிக்கும்போதே முன்பக்கத்துப் பெரிய பீரங்கியை விட்டுவிட்டு அங்கே ஒரு தளம் வைத்தார்கள். விமானம் கிளம்புவதற்குத்தான் அது. இறங்குவதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. எட்வின் டன்னிங் என்ற விமானி அந்த ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்குப் பக்கவாட்டில் பறந்து வந்து, நடுவில் நின்ற கட்டடத்தைச் சுற்றி வளைந்து அந்த முன்தளத்தில் இறங்கினார். கீழே நின்றவர்கள் ஓடிப்போய் விமானத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்கள், நம்ப முடிகிறதா! ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது அதுதான் முதல் தடவை. ஐந்தே நாளில், 7ஆம் திகதி, மறுபடி முயன்றபோது விமானம் பக்கவாட்டில் கடலுக்குள் விழ, அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு பின்பக்கப் பீரங்கியையும் கழற்றி, இறங்குவதற்கென்று இன்னொரு தளம் போட்டார்கள். ஆனால் நடுவில் புகைபோக்கியும் கட்டளைக் கோபுரமும் அப்படியே நின்றன. கப்பல் வேகமாகப் போகும்போது அவற்றில் மோதிச் சுழன்ற காற்றும் சூடான புகையும் இறங்க வந்த விமானங்களைப் புரட்டிப் போட்டன. கடைசியில் 1921 முதல் 1925 வரை கப்பலைப் பிரித்து, மேலே இருந்த எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, புகையைக் குழாய் வழியே பின்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். தளம் சுத்தமாகிவிட்டது, சூடு உள்ளே வந்துவிட்டது. இதைவிட நல்ல வழி, சிலி நாட்டுக்காகக் கட்டத் தொடங்கிய போர்க்கப்பலை மாற்றி உருவாக்கிய 'ஈகிள்' காட்டியது: புகைபோக்கி, கோபுரம் எல்லாவற்றையும் வலது ஓரத்தில் ஒரே கட்டடமாக ஒதுக்கிவிடுவது. கடற்படைக்காரர் அதைத் 'தீவு' என்பார்கள்.

விக்கிரமாதித்யாவில் தீவு ஏற்கெனவே வலப்பக்கம் இருந்தது, அது ரஷ்யர்களின் அதிர்ஷ்டம். முன்னாலிருந்த ஏவுகணைகளைக் கழற்றி, அங்கே 14 பாகை அளவில் மேல்நோக்கி வளைந்த சறுக்குத் தளம் கட்டினார்கள். மிக்-29கே போர் விமானம் அதில் ஏறித் துள்ளிப் பறக்கும். அது யாக் மாதிரி நின்ற இடத்தில் இறங்காது, ஓடிவந்து கொக்கியால் கம்பியைப் பிடிக்க வேண்டும். அதற்காக மூன்று தடுப்புக் கம்பிகள். இறங்கும் பாதை இடப்பக்கம் சாய்ந்திருப்பதும் காரணத்தோடுதான், கம்பியைத் தவறவிட்டாலும் முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாமல் மறுபடி எழும்பிவிடலாம். இதையெல்லாம் முடித்துக் கப்பல் இந்தியக் கடற்படையில் சேர 2013 நவம்பர் ஆகிவிட்டது, ஒப்பந்தம் 2004இல் போட்டது. பழைய வீட்டைத் திருத்தப் போனவருக்கு இது ஆச்சரியமாக இராது.

கேள்வி: 1942இல் கொழும்பில் குண்டு போட்ட ஜப்பானியக் கப்பல்களிலும் இப்படி மாற்றிக் கட்டியது இருந்ததா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இருந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் விமானங்களை அனுப்பிய ஐந்து தாங்கிகளில் 'அகாகி' முதலில் போர்க்கப்பலாகத் தொடங்கியது. 1922 வாஷிங்டன் உடன்படிக்கை பெரிய போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்டதால் பாதியில் வழிமாறியது. 1927இல் வந்தபோது அதற்கு மூன்று தளங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி! மேலே இறங்குவது, கீழ் இரண்டிலிருந்தும் கிளம்புவது என்று திட்டம். காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் விமானங்கள் கனமாகிக்கொண்டே போக, கீழ்த்தளங்களின் நீளம் போதவில்லை. 1935–38இல் அவற்றை மூடி, மேல்தளத்தை 249 மீற்றருக்கு நீட்டினார்கள். வலப்பக்கம் பெரிய புகைபோக்கி கீழ்நோக்கி வளைந்திருந்ததால் தீவை இடப்பக்கம் வைத்தார்கள், அபூர்வமான அமைப்பு.

இன்னொன்று. நான்கு நாள் கழித்து அதே அணியின் விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல் 'ஹெர்மிஸ்', விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல். அன்று அதன் தளத்தில் சொந்த விமானங்கள் இல்லை, கரையில் இருந்தன.

கேள்வி: பாதி போர்க்கப்பல், பாதி விமானந்தாங்கி என்று வைத்தால் இரண்டு வேலையும் நடக்காதா?
– தெஹிவளை வாசகர்

பதில்: ஜப்பான் 1943இல் 'இசே', 'ஹ்யூகா' இரண்டிலும் பின் பீரங்கிக் கோபுரங்களைக் கழற்றிவிட்டுச் சிறிய தளம் போட்டுப் பார்த்தது. கவண்போல எறியும் பொறியால் விமானத்தைக் கிளப்பலாம், திரும்பி இறங்க நீளம் கிடையாது. மிதவை விமானமென்றால் கடலில் இறக்கிப் பாரந்தூக்கியால் எடுக்கலாம், மற்றவை கரையையோ வேறு கப்பலையோ தேட வேண்டும். 1944 ஒக்ரோபரில் பிலிப்பைன்ஸ் பக்கம் நடந்த லெய்ட்டே கடற்போருக்கு இரண்டும் போனபோது விமானங்களே ஏற்றப்பட்டிருக்கவில்லை.