1968இல் அந்தச் சுரங்கப்பாதையே கிடையாது

வணக்கம். உங்கள் கதையில் லாரி டிரைவர் 1968 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோவில் டென்வரிலிருந்து கிராண்ட் ஜங்ஷனுக்குச் சரக்கு கொண்டுபோகிறார், வழியில் ஐசனோவர் சுரங்கப்பாதையைத் தாண்டும் இடம் சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. அந்தச் சுரங்கப்பாதை திறந்ததே 1973 மார்ச்சில்தான். அதுவரை யு.எஸ். 6 சாலையில் லவ்லேண்ட் கணவாய்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். உயரம் 11,990 அடி.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்தில் அங்கே லாரி ஓட்டியவர். அவர் வண்டியில் இரண்டு கியர் கம்பி. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற, இடது கையை ஸ்டீயரிங் வளையத்துக்குள் நுழைத்து ஒன்றைப் பிடிப்பாராம், வலது கையில் மற்றது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெறுங்கையால் செய்து காட்டினார். எண்பது தாண்டிய கை, இன்னும் மறக்கவில்லை!

ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயம். உச்சியிலேயே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி வழியில் மாற்றப் போய் கியர் விழாவிட்டால் பிரேக் மட்டும்தான் துணை, அதுவும் சூடேறினால் பிடிக்காது. பிரேக் லைனிங் கருகும் அந்த வாசனையைக் கதையில் அவசியம் வையுங்கள்.

ஐந்து மணி நேரப் பயணம் என்பதையும் மாற்றுங்கள். பனியில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டவே நேரம் போய்விடும். அதே வழியில் உள்ள கிளென்வுட் பள்ளத்தாக்கிலும் 1992 வரை நால்வழிச் சாலை முடியவில்லை.

பெட்ரோல் டேங்கர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் அந்தக் கணவாய் வழியாகவே போகின்றன, தீப்பிடிக்கும் சரக்கு என்பதால். அவை கணவாய் ஏறி இறங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.