எத்தனை முறை பார்த்தாலும், கேட்டாலும், படித்தாலும் உங்களை அழவைக்கும் படைப்பு எது?

கேள்விக்குக் கீழே "அழுது ரொம்ப நாளாச்சு, படம், பாட்டு, புத்தகம் எதுவானாலும் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா இருக்கிறவர் யாரும் இப்படிக் கேட்க மாட்டார். வீட்டில் யாரோ போயிருக்கிறார்கள், ஐஸ் பெட்டி முதல் இறப்புச் சான்றிதழ் வரை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் ஓடியிருக்கிறீர்கள், அழ நேரம் கிடைக்கவில்லை. அப்படி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் பாசமலர், மூன்றாம் பிறை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சண்டை ஒன்றும் இல்லை. கேத்தி ரயில் நிலையத்தில் கமல் குரங்கு போலக் குதிப்பதைப் பார்த்து யார்தான் அழ மாட்டார்கள். ஆனால் என் பதில் கர்ணன் சாவு. நீங்கள் கேட்ட மூன்றிலும் அது இருக்கிறது, நாலாவதாக ஒன்றிலும் இருக்கிறது.

முதலில் படமும் பாட்டும். 1964 பொங்கலுக்கு வந்த பந்துலுவின் கர்ணன். அதில் சீர்காழி கோவிந்தராஜன் பாடும் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்'. கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, சக்கரவாக ராகம். சோகப் பாட்டு என்றால் குரல் உடைய வேண்டும், விம்ம வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். சீர்காழி குரலில் ஓர் இடத்தில்கூட அழுகை கிடையாது. கணீரென்று, கோயில் மணி மாதிரி பாடிக்கொண்டு போகிறார். சாகக் கிடப்பவனிடம் அதைப் பாடுகிறவன் யார்? அவனைச் சாகடிக்க ஏற்பாடு செய்த கண்ணன். தன்னையே வஞ்சகன் என்று சொல்லிக்கொண்டு பாடுகிறான். கொன்றவனே வந்து சமாதானம் சொல்கிறான், அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறவனுக்குக் கோபமே வரவில்லை. எனக்குத் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான். 2012ல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது திரையரங்கில் பார்த்தேன். முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் கொஞ்சம் பேர் கேலி பண்ணத்தான் வந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு அவர்களும் அமைதியாகிவிட்டார்கள்.

சரி, இப்போது கிளம்பி வருவார்கள். சிவாஜி ஓவர் ஆக்டிங் என்பார்கள். இருக்கட்டும், அந்தக் காட்சியில் அவர் அசையாமல்தான் கிடக்கிறார். இன்னொரு கூட்டம், கர்ணன் சபையில் திரௌபதியை என்ன பேசினான் தெரியுமா என்று கேட்கும். தெரியும். வியாச பாரதத்தில் அவள் உடையை உருவச் சொன்னதே அவன்தான். புண்ணியத்தைத் தானம் கொடுக்கும் காட்சி வியாசரிடம் கிடையவே கிடையாது என்பதும் தெரியும். கர்ணன் உத்தமன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் புத்தகம். ஏறக்குறைய 600 ஆண்டுக்கு முன் வில்லிபுத்தூரார் பாடிய பாரதம், பதினேழாம் போர்ச் சருக்கம். கிழ பிராமணனாக வந்து கையேந்தும் கண்ணனிடம் கர்ணன் பேசுவதை என் உரைநடையில் சொல்கிறேன்: உயிர் உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை, கேட்டதையெல்லாம் கொடுக்கிற நிலைமையில் நான் இருந்தபோது நீ வரவில்லையே. கொடுக்க ஒன்றும் இல்லாத நேரத்தில் வந்துவிட்டாயே என்று சாகிறவன் வருத்தப்படுகிறான்! பிறகு செய்த புண்ணியம் அத்தனையும் எடுத்துக்கொள் என்கிறான். என்ன வரம் வேண்டும் என்று கண்ணன் கேட்டால், இன்னும் பிறவி இருந்தால் இல்லை என்று வருகிறவனிடம் இல்லை என்று சொல்லாத மனசு கொடு என்கிறான். பழைய தமிழ் என்று பயப்பட வேண்டாம். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை இருக்கிறது.

இனி நாலாவது, கூத்து. நான் செய்யாறு பக்கம். எங்கள் ஊர்களில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. தெருக்கூத்து என்பார்கள், கட்டைக்கூத்து என்பார்கள். புஜத்திலும் மார்பிலும் கட்டும் மரத்தாலான அணிகள்தான் கட்டை. நான் ஆராய்ச்சியாளன் இல்லை, பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான்.

என் பெரிய மாமா இறந்தபோது கூத்து வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. மாமா பையன்கள் இருவரும் வெளியூரில் வேலை. முதியோர் இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போட்டால் போதும், விடிய விடிய யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றார்கள். அத்தை அடுப்பங்கரையிலிருந்தே கேட்டார்கள்: "அவங்க நைனா செத்தப்ப அவரு வெச்சாரு. அவருக்கு நீங்க வெக்க மாட்டீங்களா?" அதற்குமேல் யாரும் பேசவில்லை. பக்கத்து ஊர் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, நான் போய் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் கம்பெனியில் சாவுக்கு லீவு உண்டு, ஆனால் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும். மாமா அந்தப் பட்டியலில் இல்லை. லீவு பார்க்கிற பெண் "கூடப் பிறந்த மாமாவா சார், அது நெருங்கிய உறவுல வராதே" என்று என்னிடமே கேட்டது. காது குத்தும்போது மடியில் உட்காரவைக்கிறவர், தங்கைக்குச் சீர் செய்கிறவர், செத்துப்போனால் சம்பளம் பிடித்தம். அந்த விதியை எழுதியவர்களுக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைத்தார்களோ. இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே சொல்கிறேன்.

கூத்துக்கு வருகிறேன். என் மாமா வள்ளல் இல்லை. நேர்மாறு. ஏணி இரவல் கொடுத்தால்கூட நோட்டில் எழுதிவைக்கிற மனுஷன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் திரைக்கு முன்னால் வந்ததும் எடுத்த எடுப்பில் அதைத்தான் பிடித்தான். "கொடுத்தே செத்தவன் கர்ணன், கொடுத்ததை எழுதிவெச்சுட்டுச் செத்தவரு இந்த வீட்டுக்காரரு" என்றதும் தெருவே சிரித்தது. மாமா பையன்களும் சிரித்தார்கள். சாவு வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்பவர்கள் கூத்து பார்க்காதவர்கள்.

நடுராத்திரிக்கு மேல் பொன்னுருவி காட்சி. படத்தில் கர்ணன் மனைவி தேவிகா, சுபாங்கி என்று பெயர். கூத்தில் பொன்னுருவி. தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்று அவனைக் கேவலமாகப் பார்க்கிறவள். பதினேழாம் நாள் போருக்குக் கிளம்புகிறவன் அவளிடம் விடைபெற வருகிறான். திரும்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். முகவீணையும் ஆர்மோனியமும் ஒன்றை ஒன்று துரத்த, அவன் கெஞ்ச, அவள் முகம் திருப்பிக்கொள்ள, அந்த ஒரு காட்சி நீண்டுகொண்டே போகும். எத்தனையோ புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருக்கிற ஊர் அது. பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

விடியற்காலையில் கர்ணன் விழுந்தான். குந்தி வேஷம் கட்டியவர் ஐம்பது வயதுக்காரர், மீசை மழித்த இடம் பவுடருக்கு மேலும் பச்சையாகத் தெரிந்தது. கர்ணன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டவர், முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆயாவைப் பார்த்துத் திரும்பினார். மாமாவைப் பெற்றவர்கள். மாமா செத்த அன்று அவர்கள் அழவில்லை, மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். குந்தி "பெத்த புள்ளைய பேர் சொல்லிக் கூப்பிடலையே" என்று எடுத்ததும் ஆயா பதிலுக்கு ஒப்பாரி எடுத்தார்கள். குந்தி ஓர் அடி, ஆயா ஓர் அடி. பின்பாட்டுக்காரர்கள் இரண்டுக்கும் பாடினார்கள். கர்ணன் பெயர் வர வேண்டிய இடத்தில் மாமா பெயர் வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் மாமா பெயர் மட்டுமே வந்தது.

மைக்செட் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா பையன்களில் சின்னவன் எனக்கு முன்னாடியே அங்கே வந்து நின்றிருந்தான். முதியோர் இல்லம் என்று சொன்னவன் அவன்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இதைச் சென்னையில் ஒருமுறை எழுதியபோது, சாதி, மூடநம்பிக்கை என்று ஒருவர் பாடமெடுத்தார். செத்தவர் மோட்சம் போகிறாரா என்பது எனக்குத் தெரியாது. இருக்கிறவர்களுக்கு அழுகை வருகிறது, நான் பார்த்தேன்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் யார் வீட்டிலாவது சாவு விழக் காத்திருக்க வேண்டாம். பங்குனியிலிருந்து ஆடி வரை செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. எந்த ராத்திரி கர்ண மோட்சம் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். பதினொரு மணிக்குப் போனால் போதும். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கிற கூட்டம் முன்னால் நிற்கும், பெண்கள் உட்காரும் பக்கத்துக்கு ஓரமாக இடம் பிடியுங்கள், அங்கேதான் பாட்டு தெளிவாகக் கேட்கும்.