ரிமோட் டெஸ்க்டாப்பில் திடீர் எச்சரிக்கை: 'யெஸ்' அழுத்தலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். டேலி கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சாயங்காலம் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை பார்ப்பேன். அரை வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரத்திலிருந்து, 'ரிமோட் கம்ப்யூட்டரின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் இணைக்கவா?' என்று ஒரு பெட்டி வருகிறது. சிஸ்டம் பார்க்கும் தம்பி, 'யெஸ் குடுத்துடுங்கக்கா' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் கடைக்கு ஒரு போன் போட்ட பிறகு.

உங்கள் கடைக் கம்ப்யூட்டர் தன்னைப் பற்றித் தானே ஒரு அடையாள அட்டை எழுதி வைத்திருக்கிறது. சர்டிபிகேட் என்பது அதுதான். முதல் நாள் இணைத்தபோதும் இந்தப் பெட்டி வந்திருக்கும். 'இனி கேட்காதே' என்பதில் டிக் அடித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். அந்த அட்டைக்கு ஆயுள் 6 மாதம். முடிந்ததும் விண்டோஸ் சத்தமில்லாமல் புது அட்டை எழுதிக்கொள்ளும். உங்கள் லேப்டாப்புக்குப் பழைய அட்டைதான் தெரியும், அதனால் திரும்பவும் கேட்கிறது. உங்கள் விஷயம் அநேகமாக இதுதான்.

ஆனால் நடுவில் வேறொருவன் உட்கார்ந்துகொண்டு 'நான்தான் உங்கள் கடைக் கம்ப்யூட்டர்' என்றாலும் இதே பெட்டிதான் வரும். இரண்டுக்கும் ஒரே வாசகத்தைக் காட்டிவிட்டு, முடிவைக் கணக்கு எழுதுகிறவர் தலையில் கட்டுகிறார்கள். என்ன நியாயமோ!

அதனால் இப்படிச் செய்யுங்கள். பெட்டியில் 'வியூ சர்டிபிகேட்' அழுத்தி, 'டீடெயில்ஸ்' பக்கத்தில் கீழே போனால் 'தம்ப்பிரிண்ட்' என்று 40 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். கடையில் இருப்பவரை, ஸ்டார்ட் மெனுவில் 'மேனேஜ் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்ஸ்' என்று தேடித் திறந்து, 'ரிமோட் டெஸ்க்டாப்' என்ற பிரிவில் இருக்கும் சர்டிபிகேட்டின் அதே வரியைப் போனில் படிக்கச் சொல்லுங்கள். ஒத்துப்போனால் தைரியமாக யெஸ். ஒரு எழுத்து மாறினாலும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 6 மாதத்துக்கு ஒருமுறை வந்தால் சரி. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தாலும் சரி. வீட்டில் வராமல் லாட்ஜ் வைஃபையிலோ வேறொருவர் வீட்டு இணைப்பிலோ மட்டும் வந்தால், ஒரு நாள் வந்து மறுநாள் மறைந்து திரும்ப வந்தால், அழுத்தவே அழுத்தாதீர்கள். அங்கே பாஸ்வேர்டு கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? கடைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். வீட்டிலிருந்து கடைக்கு வழி எப்படி வந்தது? தம்பி ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் கதவை, திறந்து விட்டிருப்பார். 'போர்ட் ஃபார்வர்டிங்', ஐந்து நிமிட வேலை. உங்களுக்குத் திறந்த கதவு ஊர் உலகத்துக்கே திறந்த கதவு. இப்படி விட்டிருந்த ஒரு நூல் மில் ஆபீஸில், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். செக்யூரிட்டி பகுதியில் 4625, 4625 என்று வரிசை. தோற்றுப்போன லாகின் முயற்சிக்கான எண் அது. எவனோ ஒருவன் அட்மின், டெஸ்ட், அக்கவுண்ட்ஸ், டேலி என்று ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்திருக்கிறான். கடைசியில் ஒன்று திறந்திருக்கிறது. ஃபைல் எல்லாம் பூட்டிப் பணம் கேட்டார்கள். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியே கிடந்தது, அதுவும் போச்சு. இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்று, மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவு போட்டது. மூன்று பேர் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு அதை யார் வந்து சொன்னார்கள்?

'போர்ட் நம்பரை மாத்திட்டேன், இனி பயமில்லை' என்பார்கள். நம்பாதீர்கள், எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும் புரோகிராமுக்கு அது ஒரு தடையே இல்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்காது, ப்ரோ வேண்டும். அதற்குக் காசு கேட்காமல் 'ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டுச் சரி பண்ணிட்டேன்' என்றாலும் உஷார்.

அந்தப் போர்ட்டை மூடச் சொல்லுங்கள். பதிலுக்கு டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னை (இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே மட்டும் பூட்டிய தனி வழி போடும் சாஃப்ட்வேர்) இரண்டிலும் போட்டால் போதும், ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். இதற்கென்று மாதாமாதம் தனிக் காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வாங்கியிருந்தால் அதுவும் தேவைப்படாது. யாராவது அதைத்தான் முதலில் விற்க வந்தால் அவருக்கு கமிஷன் இருக்கிறது என்று அர்த்தம். விபிஎன் போட்டதும் முகவரி மாறுவதால் அந்தப் பெட்டி இன்னொரு முறை வரும். பயப்படாமல் தம்ப்பிரிண்ட்டை ஒத்துப்பாருங்கள். முன்பு பார்த்த அதே 40தான் இருக்க வேண்டும்.

அப்புறம், கடை ரவுட்டரின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று முதலாளியைக் கேளுங்கள். 'தம்பிக்குத்தான் தெரியும்' என்று பதில் வந்தால், நாளைக்கே மாற்றி, ஒரு தாளில் எழுதி கல்லாவில் வைக்கச் சொல்லுங்கள்.