நிதித்துறை சிந்திக்கும் மூளைக்குத் தீனி போடுமா? கேள்வி பதில்

நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று ஆராய்ந்து சொல்வது என் தொழில். பதினெட்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கணிதம் முதுகலை படிக்கிறேன். நிதித்துறைக்குப் போனால் மூளை துருப்பிடித்துவிடும் என்கிறார் என் பேராசிரியர். உண்மையா?

அவருடைய கவலை புரிகிறது, ஆனால் ஏற்க மாட்டேன். பாரிஸ் பங்குச்சந்தையின் விலை ஏற்ற இறக்கத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூயி பஷெலியே 1900-இல் தன் ஆய்வேட்டில் கணிதமாக்கினார். திரவத்தில் மிதக்கும் துகள்களின் அலைவை ஐன்ஸ்டீன் விளக்கியது 1905-இல்தான். இரண்டிலும் அடிப்படைக் கணிதம் ஒன்றே. ஆனால் அந்த ஆழத்தில் வேலை செய்யும் நாற்காலிகள் மிகக் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

உங்கள் அன்றாட வேலையில் கணிதம் எவ்வளவு?

கூட்டல், கழித்தல், சதவீதம், கூட்டுவட்டி. பெரும்பாலும் அவ்வளவுதான். மூளைக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒருமுறை ஒரு நூற்பாலையின் கணக்கு என் மேசைக்கு வந்தது. விற்பனை ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. மின்கட்டணமோ ஏறக்குறைய முந்தைய ஆண்டின் அளவிலேயே நின்றது. நூல் நூற்கும் கதிர்கள் கூடுதலாக ஓடாமல் கூடுதல் நூல் எங்கிருந்து வந்தது? தோண்டத் தோண்டத் தெரிந்தது: வெளியில் நூல் வாங்கி, நீண்ட தவணைக்குக் கடனாக விற்றிருக்கிறார்கள். விற்பனை வளர்ந்திருந்தது, லாபமும் வரவில்லை, ரொக்கமும் வரவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

எளிய கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகச் சத்யம் மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. ஏடுகளில் காட்டிய வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை உண்மையில் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரியில் அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார்.

மென்பொருள் துறையில் இருக்கிறேன். சந்தைகளுக்குக் கணித மாதிரிகள் அமைக்கும் வேலைக்கு மாற ஆசை.

நிகழ்தகவும் புள்ளியியலும் கைவசம் இருந்தால் முயலுங்கள். கூடவே லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியத்தின் கதையையும் படியுங்கள். அதன் பங்குதாரர்களில் இருவர் 1997-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். மறு ஆண்டு ரஷ்யா கடனைத் திருப்பித் தரத் தவறியதும், தனித்தனியாக நகரும் என்று அவர்களுடைய மாதிரிகள் நம்பிய சந்தைகள் எல்லாம் பயத்தில் ஒரே பக்கம் ஓடின. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

மகளுக்கு நிகழ்தகவில் ஆர்வம். ஆக்சுவரி, அதாவது காப்பீட்டில் இடர்களைக் கணக்கிடும் தொழிலுக்கு, படிக்கலாமா?

தாராளமாக. தேர்வுகள் பல ஆண்டுகள் இழுக்கும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

வங்கியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள். எக்செல் கட்டங்களை நிரப்பியே சலித்துவிட்டேன்.

நானும் முதல் வேலையில் ஓராண்டு எண்களைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். விளக்கம் கேட்டால் மேலதிகாரிக்குக் கோபம் வரும். அந்த வலி எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் இன்னொரு கடினம் உண்டு. சதுரங்கத்தில் தவறான நகர்த்தல் அன்று மாலையே தெரிந்துவிடும். கடனில் அது தெரிய நான்கு ஆண்டுகள் ஆகலாம்; தவறான முடிவுகூட அதிர்ஷ்டத்தால் தப்பிவிடும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கையில் வரும் ஒவ்வொரு கோப்புக்கும் உங்கள் தீர்ப்பையும் காரணத்தையும் தேதியிட்டு எழுதுங்கள். பிறகு திரும்பிப் பாருங்கள். என்னைச் சிந்திக்கப் பழக்கியது அந்த நோட்டுதான். இரண்டு ஆண்டுகள் எழுதிப் பார்த்தும் சலிப்பு தீரவில்லை என்றால் வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள்.

இந்த வேலை எனக்குப் பிடிக்குமா என்று சேரும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் வீட்டில் புழங்கும் ஏதாவது ஒரு பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள். தலைவர் உரையைத் தள்ளிவிட்டு, பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் கணக்குக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியை ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதி, பக்கத்தில் விற்பனையை எழுதுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வளராத ஆண்டு ஒன்று கண்ணில் பட்டால், ஏன் என்று தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.