கமெலானோடு வயலின் சேரவில்லையா? கம்பியை ஏற்றாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆறு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். அவளுடைய இடைநிலைப்பள்ளி விழாவில் கமெலான் குழு (வெண்கலத் தகடுகளையும் கோங்குகளையும் தட்டி வாசிப்பது), எர்ஹூ (இரண்டு கம்பிச் சீன வில் வாத்தியம்) வாசிக்கும் சீன மாணவி, இவள் மூவரும் சேர்ந்து ஏதாவது வாசிக்க வேண்டுமாம். இரண்டு ஒத்திகையிலும் ஒரே அபசுரம். சுருதி சேர்க்கப் போய்க் கம்பியும் அறுந்துவிட்டது. ‘ஃபியூஷன்’ செய்து தருகிறேன் என்று ஒருவர் 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், செந்தூல்)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. முதலில் புதுக் கம்பி வாங்குங்கள்.

தப்பு உங்கள் மகள் மேல் இல்லை. கமெலான் பெரும்பாலும் வெண்கலத்தில் வார்த்தது. அதன் சுருதியை மாற்றவேண்டுமானால் தகட்டை அரத்தால் ராவவேண்டும். பள்ளி விழாவுக்காக அதை யாரும் தொடக்கூடாது. வயலினிலும் எர்ஹூவிலும் வீணையில் இருப்பதுபோல் மெட்டுக்கள் கிடையாது, பிரடையைத் திருகினால் சுருதி நகரும். நகரக்கூடியதுதான் நகராததைத் தேடிப் போகவேண்டும். அங்கே தலைகீழாக நடந்திருக்கும்: கைப்பேசித் தம்பூராவில் ஒரு கட்டையை (சுருதி அளவை) வைத்துவிட்டு, வெண்கலம் அதற்கு வந்து சேரும் என்று காத்திருந்திருப்பார்கள்.

எர்ஹூவின் உள் கம்பி வழக்கமாக 2 கட்டை, வெளிக் கம்பி 6 கட்டை. நம் கணக்கில் அது ஸ-ப. எனவே சாரோனில் (கமெலானில் வெண்கலத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) 2 கட்டைக்கு மிகப் பக்கத்தில் ஒலிக்கும் தகட்டைத் தட்டச் சொல்லி, அதையே ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். அது துல்லியமாக 2 கட்டையில் விழாது, விழவும் வேண்டாம். எர்ஹூ ஒரு நூல் நகர்ந்தால் போதும். உங்கள் மகள் கம்பியை இறக்கிச் சேர்க்கட்டும், ஏற்றப் போனால் இன்னொன்றும் அறும்.

அடுத்தது ராகம். தகடுகளில் கிடைப்பது ஐந்தே ஸ்வரம்; உடனே மோகனம் என்பார்கள். எந்தத் தகட்டை ஸட்ஜமாக எடுத்தீர்களோ அதைப் பொறுத்து மத்யமாவதியாகவும் கேட்கலாம். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் கிடைப்பது மத்யமாவதிதானே. ஆனால் கமெலானின் இடைவெளிகள் நம்முடையவற்றைவிடச் சமமாகப் பரவியவை, எனவே இரண்டும் அச்சாகப் பொருந்தா. தட்டிக் கேட்டு, எது நெருக்கமோ அதை எடுங்கள். வெண்கலம் ஒலிக்கும்போது அவள் மூன்றாவது ஸ்வரத்தில் நீட்டி நிற்கவேண்டாம், கமகமும் (ஸ்வரத்தை அசைப்பதும்) வேண்டாம். ஆசைதீர அசைக்க இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தனியாகக் கேட்டு வாங்கட்டும். அப்போது சாரோன் சும்மா இருக்கட்டும்.

காவடிச்சிந்து போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நாட்டுப்புற மெட்டு எதோடும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. காவடிச்சிந்து வழக்கமாக வரும் செஞ்சுருட்டி ராகத்துக்கு ஏழு ஸ்வரமும் வேண்டும். ஐந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது?

ஒரு விதிவிலக்கு உண்டு. சில புதிய கமெலான் செட்டுகள் பியானோ சுருதிக்கே வார்க்கப்பட்டவை. பள்ளியில் இருப்பது அப்படிப்பட்டது என்றால் மேலே சொன்ன பாதிக் கவலை போயிற்று, தம்பூரா செயலியே போதும். ஆனால் ‘எங்களுடையது அப்படித்தான்’ என்று ஆசிரியர் சொன்னதை நம்பிவிடாதீர்கள். கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து எல்லாத் தகட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று சேர்ந்தால் தற்செயல், எல்லாம் சேரவேண்டும். அப்புறம் பெரிய சாரோன், சின்ன சாரோன், கம்பாங் (மரத் தகடு வாத்தியம்) மூன்றிலும் அதே சோதனை. ஸ்தாயி மாறும்போது சேராமல் போவதுண்டு. கோங்கைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதில் தெளிவான ஸ்வரம் பிடிப்பதே கஷ்டம்.

தாளத்தில் ஒரே ஒரு குழி. கமெலான் சுற்றும் எட்டடிதான் என்று ஆதி தாளத்தைப் போட்டுவிட்டு, கோங் விழும் இடத்தைச் சமம் (தாளத்தின் முதல் அடி) என்று எடுத்துக்கொள்வாள். கமெலானில் கோங் சுற்றை முடித்துவைக்கிறது. கோங் விழும்போது அவள் எண்ணவேண்டியது எட்டு, அடுத்ததுதான் ஒன்று.

இனி அந்த 1,800 வெள்ளிக்காரர். இந்த ஆட்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கீபோர்டு, முன்பே பதிந்த டிராக், அதன் மேல் பிள்ளைகள் ஒப்புக்கு வாசிப்பார்கள். ஒலிபெருக்கியில் டிராக்தான் கேட்கும், வயலின் கையசைவு மட்டும் தெரியும். முன்பணத்தைப் பாதி வாங்கிக்கொண்டு ஒத்திகைக்கே வராதவர்களும் உண்டு. ‘மெட்டுக்கு உரிமைக் கட்டணம்’ என்று தனியாகக் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள். மலேசியாவில் இசைப் படைப்பின் காப்புரிமை படைத்தவர் இறந்து 50 ஆண்டு வரைதான், பழைய நாட்டுப்புற மெட்டை யாரும் விற்க முடியாது. புதிதாக அமைத்த இசைக்கோவைக்கு மட்டும் தனி உரிமை உண்டு. ஆகவே யாராவது அமைத்துக் கொடுத்தால், பள்ளி அதை மறுபடியும் வாசிக்கலாம் என்று எழுதி வாங்குங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. மூன்று இனத்துப் பிள்ளைகளையும் மேடையேற்றி ‘முஹிபா’ (நல்லிணக்கம்) என்று படம் எடுக்க நேரம் இருக்கிறது, சேர்ந்து சுருதி பிடிக்க அரைமணி நேரம் கொடுக்க முடியவில்லை. ஒருமுறை ஒரு பெரிய மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒத்திகை 12 நிமிடம், அதில் எட்டு நிமிடம் மைக் வைப்பவர் நாற்காலி நகர்த்தினார். உங்கள் மகளுக்காவது விழாவுக்கு முந்தின நாள் அதே மண்டபத்தில், ஏர்கோனை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கேளுங்கள். குளிரில் கம்பி நகரும். மேடையேறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு அதே சாரோன் தகட்டை இன்னொரு முறை தட்டச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளட்டும்.